ஒன்பதாவது போஸ்ட், மஞ்சள் கொடி

5 மே, வெள்ளி

என்னிடம் கார் ஓட்டக் கற்கும் திருமதி தனலெட்சுமி இன்றைக்கும் மேட்டில் தோற்றுவிட்டார். பாதி மேட்டில் காடியை நிறுத்தி, பின்னால் சரியாமல் மறுபடி எடுக்க வேண்டும். லைசன்ஸ் பரீட்சையில் பலருக்கும் அதுதான் எமன். இவர் நிறுத்துவதெல்லாம் ஒழுங்காகத்தான் நிறுத்துகிறார். எடுக்க வேண்டிய நேரத்தில், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். தொண்டைத் தண்ணீர் வற்ற நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண்.

அந்த எரிச்சலோடு சாப்பிட உட்கார்ந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. உலகக் கார் பந்தயத் தொடர் அடுத்த வருஷத்திலிருந்து நம் நாட்டுக்கு வராது. இந்த செப்டம்பர்தான் கடைசி.

வருஷம் பூராவும் நிலாய் பட்டணத்தில் ஆட்களுக்கு மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஒரே ஒரு வாரக் கடைசியில் மட்டும் ஆரஞ்சு உடை போட்டுக்கொண்டு, உலகத்திலேயே வேகமான கார்கள் பறக்கும் தடத்தின் ஓரத்தில், ஒன்பதாவது போஸ்டில் மஞ்சள் கொடியோடு நிற்பேன். மார்ஷல் என்று பெயர். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பியும் சாப்பாட்டுப் பொட்டலமும் தருவார்கள். கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தடத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கக் கூடாது. பதினோரு வருஷமாக நான் இதற்குத் தவறியதில்லை.

பந்தயம் நடத்தக் கட்டும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, நாங்களே வேண்டாமென்று விட்டோம் என்கிறார்கள் நம் ஆட்கள். கூட்டமே வரவில்லை, வேறு நாடுகள் வரிசையில் நிற்கின்றன என்கிறார்கள் தொடர்க்காரர்கள். யார் யாரை விட்டார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன், சாப்பிடவில்லை.

6 மே, சனி

அக்காவிடம் சொன்னேன். அத்தான் போன பிறகு என்னோடு இருக்கிறாள். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், எதற்கும் பதறமாட்டாள்.

"காடி ஓட்டம்தான லா? டிவியில பாத்துக்க."

"நாட்டோட மானம் போவுதுக்கா."

"நாட்டு மானத்துக்கா ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்த?"

நாட்டு மானத்துக்குத்தான். வேறு எதற்கு?

8 மே, திங்கள்

மார்ஷல்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். "நம்மை மதிக்காதவர்களுக்கு நாம் ஏன் வெயிலில் காய வேண்டும்? கடைசிப் பந்தயத்துக்கு யாரும் பெயர் கொடுக்காதீர்கள். கொடி பிடிக்க ஆளில்லாமல் திண்டாடட்டும். நான் வரமாட்டேன்."

அடுத்த நிமிஷமே கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. "சபாஷ் மிஸ் தவமணி" என்று ஒருவர். "நெருப்பு" என்று இன்னொருவர். கோழிக் கறி செய்தேன். உப்பு போட்டேனா என்று ஞாபகமில்லாமல் இரண்டாம் தடவையும் போட்டுவிட்டேன்.

10 மே, புதன்

இரண்டு நாள் கழித்து மிஸ்டர் ஆல்பர்ட் பதில் போட்டார்: "மிஸ் தவா சொன்னா சரியாத்தான் இருக்கும். நானும் கொடி புடிக்க வரல."

படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. என் பக்கம்தானே பேசியிருக்கிறார்? சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் கைப்பேசியைச் சோபாவில் எறிந்தேன்? எனக்கே விளங்கவில்லை.

மிஸ்டர் ஆல்பர்ட் சவரிநாதன் ஈப்போக்காரர், தண்ணீர் வாரியத்தில் குழாய் பழுது பார்க்கும் பிரிவு. மனைவி இல்லை, இறந்து வருஷங்கள் ஆகின்றன. பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிடு என்று காட்டும் நீலக் கொடி என் போஸ்டில் அவருடையது. போஸ்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். நான் கார்கள் போகும் பக்கம் பார்த்து நிற்பேன். முன்னால் விபத்து என்றால் மஞ்சள் கொடி ஆட்டுவேன். வருகிற கார்கள் என் முதுகுப் பக்கம். அவற்றை அவர் பார்ப்பார். ஏதாவது ஒன்று தடம் மாறி எங்களை நோக்கி வந்தால் இரண்டு குட்டி விசில் அடிப்பார். நான் திரும்பிப் பார்க்காமல் தடுப்புக்குப் பின்னால் குதிக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் குதிக்க நேரம் போதாது.

இதை அக்காவிடம் விளக்கினேன்.

"பதினோரு வருசமா எதிர்க்க நிக்கிறாரே, ஆளு பாக்க எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொப்பி, கண்ணாடி, காதடைப்பான். எப்போதும் அவர் தோளுக்கு மேலே தடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். உயரம் என்றேன். அக்கா சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது?

2 ஜூன், வெள்ளி

கிளச் தேய்ந்த காடியைப் பட்டறையில் விட்டேன். மழை.

24 ஜூன், சனி

ரசிகர் சங்கம் தொடர்க்காரர்களுக்கு ஒரு மனு அனுப்பப் போகிறதாம். நான்தான் எழுதித் தர வேண்டுமாம். "எங்கள் நாட்டின் மழையும் வெயிலும் உங்கள் பந்தயத்துக்குக் கொடுத்த சுவாரசியத்தை மறந்துவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்தது. பாதியில், "ஒன்பதாவது போஸ்டில் ஒருவர் ஒவ்வொரு வருஷமும் ஈப்போவிலிருந்து வறுத்த கச்சாங் கடலைப் பொட்டலம் கொண்டுவருவார்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். இதை எதற்கு எழுதினேன்? அடித்துவிட்டேன்.

15 ஜூலை, சனி

மார்ஷல்களுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். ஆள் சேரவில்லை. நான் போட்ட போடு வேலை செய்கிறது. குழுவில் எல்லோரும் குதிக்கிறார்கள். எனக்குத்தான் ஒரு குஷியும் இல்லை. நேற்றுச் சரியாகத் தூங்காததால் இருக்கும்.

மிஸ்டர் ஆல்பர்ட்டின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. குழுவில் இருப்பதால் இருக்கிறது, அவ்வளவுதான். தனியாக ஒரு வார்த்தை அனுப்பியதில்லை. தீபாவளிக்கு அவரிடமிருந்து தபாலில் வாழ்த்தட்டை வரும், கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்புவேன். இப்போது கூப்பிட்டு என்ன சொல்வது? பந்தயம் இல்லாவிட்டால் நாங்கள் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

4 ஆகஸ்டு, வெள்ளி

திருமதி தனலெட்சுமி மறுபடியும் மேட்டில் தோற்றுப்போய்விட்டார். தாமான் குடியிருப்பில் இருக்கும் மற்ற பெண்கள் சிரிக்கிறார்களாம். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், மருத்துவமனைக்குக் கூட்டிப்போக இவர்தான் ஓட்ட வேண்டும்.

"பின்னால நிக்கிறவன் என்ன நெனைப்பானோன்னு ஒரு பயம் மிஸ்."

"அவன் நெனைச்சா நெனைச்சிட்டுப் போறான். நீங்க எடுங்க."

சொல்லிவிட்டேன். எனக்கு ஊருக்கு உபதேசம் நன்றாக வருகிறது.

18 ஆகஸ்டு, வெள்ளி

இன்று கடைசித் தேதி. மதியம் வகுப்பு இல்லை. பெயர் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்வது, கொடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. கடைசி வருஷம், நாட்டுக்குச் செய்ய வேண்டிய கடமை, பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஓட்டுநர்கள் என்ன பாவம் செய்தார்கள்? காரணம் நிறைய இருக்கிறது. குழுவில் சொல்லவில்லை. மிஸ்டர் ஆல்பர்ட்டும் கொடுத்திருப்பார். ஆள் அப்படி வாய் வார்த்தைக்காகப் பந்தயத்தை விடுகிறவர் இல்லை. அவர் கொடுக்காமல் இருக்க முடியாது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "நெனச்சேன்" என்றாள்.

22 செப்டம்பர், வெள்ளி

விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படக் கூடாதென்று கூடாரத்துக்குள் நுழைந்தால், அன்று கட்டைவிரல் தூக்கிய அத்தனை பேரும் ஆரஞ்சு உடையில் நிற்கிறார்கள். "நெருப்பு" எழுதியவர் தேநீர் வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நாமும் பதில் சொல்ல வேண்டுமே.

மிஸ்டர் ஆல்பர்ட் மட்டும் இல்லை.

போஸ்ட் தலைவர் கமாருடினிடம் மலாயில், ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் பட்டியலிலேயே இல்லை என்றார். என் எதிரே நீலக் கொடியோடு ஷார்மினி என்று ஒரு பெண். வங்கியில் வேலை, இரண்டு குழந்தைகளாம், இதுதான் முதல் பந்தயம். நல்லவள்தான், சும்மா பேசிக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு கார் வரும்போதும் எனக்கு முதுகில் ஊறல் எடுத்தது. இத்தனை வருஷத்தில் எனக்குப் பின்னால் கார் வருகிறது என்பதே இன்றைக்குத்தான் உறைத்தது.

23 செப்டம்பர், சனி

இன்றும் அவர் இல்லை. ஒருவர்கூடச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை, அந்த ஒரு மனிதரைத் தவிர. அவரும் யாருடைய சொல்லைக் காப்பாற்றுகிறார்? என்னுடையதை. நானே காற்றில் விட்டதை.

கூப்பிடலாம். கூப்பிட்டால், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்பார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? கோபமாக வருகிறது. அவர் மேலா, என் மேலா, இந்தப் பாழாய்ப்போன தொடர்க்காரர்கள் மேலா, ஒன்றும் புரியவில்லை. ஷார்மினி அரைப் பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை எனக்குக் கொடுத்தாள். நான் கடலையைத் தேடினேன்.

24 செப்டம்பர், ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் தூறல் பிடித்தது. நம் தடத்தில் மழை என்றால் ஒரு வளைவில் பெய்யும், அடுத்த வளைவு காய்ந்து கிடக்கும். பந்தயம் பாதியைத் தாண்டியிருந்தது. நான் என் பக்கம் பார்த்து நிற்கிறேன். ஷார்மினி, பின்தங்கி வந்த ஒரு காருக்கு நீலக் கொடி காட்டுவதிலேயே கண்ணாக இருந்திருக்கிறாள்.

அப்போது என் பின்பக்கம் மேலேயிருந்து, வேலிக்கு அப்பால் பார்வையாளர்கள் உட்காரும் புல்மேட்டிலிருந்து, இரண்டு குட்டி விசில்.

பார்வையாளர் விசிலுக்கு மார்ஷல் அசையக் கூடாது. ஆயிரம் பேர் விசிலடிப்பார்கள். ஆனால் என் கால் என்னைக் கேட்கவில்லை. ஷார்மினியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் விழுந்தேன். மேலே ஏதோ பறந்து போனது. எழுந்து பார்த்தால், ஒரு கார் ஈரத்தில் சுழன்று எதிர்ச் சுவரில் மோதியிருந்தது. அதன் முன் இறக்கை முழுசாக நான் நின்ற இடத்தில் கிடந்தது. ஓட்டுநர் நலமாக இறங்கி நடந்தார். நான் மஞ்சள் கொடியை ஆட்டினேன். ஆட்டினேன் என்றால், கமாருடின் போதும் போதும் என்று கையைப் பிடிக்கிற வரைக்கும் ஆட்டினேன்.

இப்போதைய எஞ்சின்களில் பழைய சத்தம் இல்லை, பந்தயமே செத்துப்போச்சு என்று ரசிகர்கள் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் மனுவில் அதை ஒரு பத்தி எழுதினேன். பழைய சத்தம் இருந்திருந்தால் அந்த விசில் என் காதில் விழுந்திருக்காது.

அப்புறம்தான் அவஸ்தை. அந்த மனிதர் என் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், நான் திரும்பக் கூடாது. வேறு யாராவது விசிலடித்திருப்பார்களோ? வெறும் பிரமையோ? ஒவ்வொரு சுற்றும் ஒரு யுகம். யார் முதலில் போகிறார், யார் கடைசி, எதுவும் என் கண்ணில் படவில்லை. கழுத்து மட்டும் வலித்தது.

பந்தயம் முடிந்து கார்கள் மெதுவாக ஒரு சுற்று வரும்போது, எல்லாப் போஸ்டிலும் எல்லாக் கொடிகளையும் ஆட்டி விடைகொடுப்பது வழக்கம். கடைசி முறை என்பதால் மார்ஷல்கள் அழுதுகொண்டே ஆட்டினார்கள். ஓட்டுநர்கள் கையசைத்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாகத் தடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, புல்மேட்டைப் பார்த்து மஞ்சள் கொடியை ஆட்டினேன்.

மேலே ஒரு உயரமான ஆள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவர் பக்கத்தில், என்னுடைய பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு, என் அக்கா.

கூட்டம் கலைந்த பிறகு வேலியோரம் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான்.

"வணக்கம் மிஸ் தவா."

"வரலன்னு எழுதுனீங்க."

"நீங்களும்தான் எழுதுனீங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொடி புடிக்க வரமாட்டோம்னுதான சொன்னோம். பாக்க வரமாட்டோம்னு சொல்லலியே. நீங்களும் சும்மாதான் இருப்பீங்க, ஒரு தடவையாச்சும் ஒக்காந்து பாக்கலாம்னு ரெண்டு டிக்கெட் எடுத்தேன். நம்ம போஸ்டுக்கு நேரா."

"காலையில வாசல்ல வந்து நிக்கிறாரு மனுசன், சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு" என்றாள் அக்கா. "நீ கொடி புடிக்கப் போயிட்டன்னு சொன்னதும் மொகம் செத்துப்போச்சு. டிக்கெட்டு வீணாப்போவுதேன்னு நான் வந்தேன்."

"நான் வந்தது... நீங்க வருவீங்கன்னு நெனச்சுத்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். கமாருடின் என்னைக் கூப்பிட்டார். கொடிகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம். திரும்பி வருவதற்குள் மிஸ்டர் ஆல்பர்ட் பேருந்துக்கு நேரமாகிக் கிளம்பியிருந்தார்.

கச்சாங் பொட்டலம் அக்காவிடம் இருந்தது. காலி.

"பசிச்சுது லா" என்றாள்.

25 செப்டம்பர், திங்கள்

நாள் முழுக்க உடம்பு வலி. காலையிலிருந்து கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். விழுந்ததில் முட்டி வீங்கியிருக்கிறது. அக்கா மருந்து தடவிவிட்டபடி, "அந்த மனுசன் விசிலடிச்சப்ப எப்படித் துள்ளி எந்திரிச்சாரு தெரியுமா" என்றாள். தெரியாது என்றேன். அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லையே.

29 செப்டம்பர், வெள்ளி

திருமதி தனலெட்சுமி பாஸ். மேட்டில் கண்ணாடியைப் பார்க்கவே இல்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் சேர்ந்து அழுதேன், ஓட்டுநர் பள்ளியில் எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் மிஸ்டர் ஆல்பர்ட்டைக் கூப்பிட்டேன்.

"மிஸ் தவாவா? என்னா ஆச்சு? எல்லாம் நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். ஞாயித்துக்கிழமை எனக்கு கிளாஸ் இல்ல."

அந்தப் பக்கம் காலண்டர் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

"ஈப்போ ஸ்டேசன் பக்கத்துல ஒரு கோப்பிக் கடை இருக்கு" என்றார். "காலையிலயே வந்துருவேன்."

1 அக்டோபர், ஞாயிறு

ரயிலில் போகும்போது சங்கத்துக்காரர் கூப்பிட்டார். மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்றாம், எழுதிய நான்தான் போடவில்லையாம். மறந்தே போயிருக்கிறேன். நாளைக்குப் போட வேண்டும். தொடர்க்காரர்கள் செய்தது அநியாயம்தான், அதில் மாற்றமில்லை.

கடைக்குள் நுழைந்தபோது அவர் சுவரோர மேசையில் இருந்தார். எழுந்தார். பக்கத்தில் உட்காருவதா, எதிரே உட்காருவதா என்று எனக்கு ஒரே குழப்பம். பழக்க தோஷம், எதிரேதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நான் அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்க்கிறேன், அவர் என் தோளுக்கு மேலே சாலையைப் பார்க்கிறார். கோப்பி வந்தது. கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார்.

"மிஸ் தவா, பின்னாடி ஒண்ணும் வரல" என்றார்.

நான் கண்ணைக் கீழே இறக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தின் நடுவில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் முடியே இல்லை. எப்படி ஆனது என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார்.